பனை நின்ற இடம்

சண்டைக் காலத்தில் பட்டாளத்துக்காரர்கள் கரையோரப் பனைகளை வெட்டி லாரியில் ஏற்றிப் போனார்கள். அடையாற்று முகத்துவாரத்துக்குத் தெற்கே, என் அக்காவைக் கட்டிக்கொடுத்த குப்பத்தின் உயரமான ஒற்றைப் பனையும் அப்படித்தான் போயிற்று. அந்தக் கரைக்கு முன்னால் தண்ணீருக்குள் பவளம் ஒட்டிய பாறைகள் கிடக்கும். பார் என்பார்கள். அதன் நடுவே கட்டுமரம் நுழைய ஒரே ஒரு சந்து. பனையையும் பின்னால் தெரியும் பரங்கிமலையையும் ஒரே கோட்டில் பிடித்தால்தான் அது அகப்படும். பனை போன மறுநாள், கடலுக்குப் போன மாமா, அக்காவின் கணவர், கரையேறவில்லை. கட்டு அவிழ்ந்த மரத்துண்டுகள் மட்டும் ஒதுங்கின.

உடம்பு கிடைக்காவிட்டாலும் கருமாதி செய்தாக வேண்டும், அக்காவை அழைத்து வா என்று நைனா என்னை அனுப்பினார். எங்கள் வீட்டில் பள்ளிக்கூடம் போன முதல் ஆள் நான். எடுத்துச் சொன்னால் கேட்பாள் என்று நம்பினார். நானும் நம்பினேன்.

அக்கா பனையின் அடிக்கட்டை மேல் நின்றிருந்தாள். கையில் நெட்டை மூங்கில், நுனியில் மாமாவின் வேட்டி. கழுத்தில் தாலி. சுற்றிலும் அலை எறிந்த பவளத் துண்டுகள், வெளுத்த எலும்பு மாதிரி.

"வூட்டுக்கு வாக்கா. நைனா அய்துகினே கீறாரு."

"அவரு வர்ற நேரம்டா. அடையாளம் இல்லாம எப்டி வருவாரு?"

வலை உலர்த்திக்கொண்டிருந்தவர் என்னை ஏற இறங்கப் பார்த்தார்.

"இன்னா காலேஜ் தொரை, ஒங்க அக்காவ இட்டுகினு போய்ட்டா நீ வந்து பனையா நிப்பியா? காலைல போன கட்டுமரமெல்லாம் இன்னும் கடலுக்குள்ளதான் கீது. இத்தப் பாத்துதான் வரணும்."

பைத்தியம் என்று யாரும் அவளைத் தடுக்காததன் காரணம் எனக்கு அப்போதுதான் விளங்கியது.

"நாக்கு வறளுது. கொஞ்சம் புடி," என்றாள் அக்கா. "நவுராத. நவுந்தா பார்ல மோதிடுவாங்க."

அவள் குடிசைக்குப் போனாள். நான் கட்டை மேல் ஏறினேன். காற்று வேட்டியை யாரோ பிடித்து இழுப்பதுபோல் இழுத்தது. தூரத்தில் கறுப்புக் கோடுகளாகக் கட்டுமரங்கள் என்னை நோக்கித் திரும்பின. ஒவ்வொன்றாகச் சந்துக்குள் வந்தன. இறங்கியவர்கள் கழியை அண்ணாந்து பார்த்தார்கள். என் முகத்தைப் பார்க்கவில்லை. நான்தான் ஒவ்வொரு முகமாகப் பார்த்துக்கொண்டிருந்தேன்.

"அவ்ளோதாம்பா, எறங்கு," என்றார் வலைக்காரர்.

நான் இறங்கவில்லை. தண்ணீர் குடித்துவிட்டு வந்த அக்கா பின்னாலிருந்து கேட்டாள்: "எல்லாரும் வந்துட்டாங்களா?"

"மாமா இன்னும் வரலக்கா," என்றேன்.