நான்கு கைக்குட்டைகள்

இசோவைப் பற்றி எழுதினால் என்னைப் பற்றியும் எழுதியாக வேண்டும். அதனாலேயே இத்தனை வருஷம் தள்ளிப்போட்டேன். வெட்கங்கெட்டவள் நான், வேறென்ன சொல்ல.

இசோ ஜப்பானில் எங்கள் எச்சிகோ கடற்கரையில் மீன் விற்பவள். மத்திக் கூடையை முதுகில் கட்டிக்கொண்டு மலையடிவார ஊர்கள்வரை நடப்பாள். புருஷன் வடகடலுக்கு மீன்பிடிக்கப் போய்ப் படகோடு மூழ்கிவிட்டான். ஒரே மகள் ஷிகே, தாய்ஷோ சக்கரவர்த்தியின் ஒன்பதாம் ஆண்டில், அதாவது 1920இல், என்னிடம் மூன்றாம் வகுப்புப் படித்தாள்.

மாதம் ஒருமுறை ஜில்லா நர்ஸ் வந்து பிள்ளைகளின் நகம், முகம், கைக்குட்டை மூன்றையும் பார்ப்பாள். குறையில்லாத வகுப்பின் வாசலில் வெள்ளைக் கொடி கட்டுவார்கள். என் வகுப்பில் நாற்பத்திரண்டு பேர். பாதி வீடுகளில் குடும்பத்துக்கே ஒரு துண்டுதான், கைக்குட்டைக்கு எங்கே போவார்கள்?

"பொம்பளை வாத்தியாருக்கெல்லாம் கொடி கிடைச்ச மாதிரிதான்" என்று பக்கத்து வகுப்பு ஆசிரியர் சிரித்தார். எனக்கு ரோஷம் பொத்துக்கொண்டு வந்தது.

என்னுடைய வெள்ளைக் கைக்குட்டைகள் நான்கைத் துவைத்துக் கொண்டுபோனேன். நர்ஸ் ஒரு பிள்ளையைத் தாண்டியதும் அவன் கைக்குட்டை பெஞ்சுக்கு அடியில் பின்னால் இருக்கும் பிள்ளைக்குப் போய்விடும். "காட்டுறதுக்கு முன்னாடி அதாலயே மூஞ்சியை நல்லாத் துடைச்சுக்கணும்" என்று பழக்கியவளும் நான்தான். மூன்று மாதம் கொடி எங்கள் வாசலில் பறந்தது. நான் தலைகால் புரியாமல் திரிந்தேன்.

பிறகு கண் டாக்டர் வந்தார். இமைக்குள் சின்னச் சின்னப் பருக்களாகக் கிளம்பி, விட்டால் பார்வையையே தின்றுவிடும் தொற்றுநோய் என் வகுப்பில் இருபத்து மூன்று பேருக்கு. பக்கத்து வகுப்பில் இரண்டே பேர். ஷிகேயின் இடது கண்தான் எல்லாரையும்விட மோசம்.

தலைமையாசிரியர் என்னிடம் காரணம் கேட்டார். "வீட்டுத் துண்டுதாங்க. ஷிகே வீட்லேருந்துதான் ஆரம்பிச்சிருக்கணும்" என்றேன். நாக்கு கூசவில்லையே எனக்கு.

தலைமையாசிரியர் இசோவை வரவழைத்து, மற்ற தாய்மார் நடுவில் நிற்கவைத்து, "மீன் கையைக்கூடக் கழுவாம பிள்ளையைத் தொடுவியாம்மா?" என்று கேட்டார். அவள் தரையில் நெற்றி படக் கும்பிட்டாள்.

"தப்பு என்மேலதாங்க ஐயா. எல்லாரும் மன்னிக்கணும்."

மறுநாள் மனசு கேட்காமல், கைக்குட்டையைக் கைமாற்றிய உண்மையைத் தலைமையாசிரியரிடம் கொட்டினேன். அவர் தேநீர்க் கிண்ணத்தை மெதுவாகக் கீழே வைத்தார்.

"வெளிய தெரிஞ்சா ஜில்லாவே காறித் துப்பும். அந்தம்மாதான் ஒத்துக்கிட்டாங்கல்ல, விடுங்க."

விடுங்க என்றார், நானும் விட்டேன். வேலை போய்விடும் என்ற பயம். அதற்குமேல் நியாயம் எதுவும் என்னிடம் இல்லை.

அடுத்த வாரம் இசோ மகளைக் கூட்டிக்கொண்டு பள்ளிக்கு வந்தாள். ஷிகே முன்னால் வர, நாலடி தள்ளி இவள். கை இரண்டும் முதுகுக்குப் பின்னால் இருந்தன. கூடையை எங்கோ வைத்துவிட்டு வந்திருந்தாள்.

"ஏம்மா அவ்வளவு தள்ளி நிக்கிறீங்க?"

"என் கையாலதானே டீச்சர் அதுக்கு வந்துச்சு. அன்னிலேருந்து நான் அதைத் தொடுறதில்ல. தனியாப் படுக்க வச்சிருக்கேன். பக்கத்துல வாம்மான்னு அழுவுது. பல்லைக் கடிச்சிக்கிட்டு இருக்கேன்."

இப்போது சொல்லிவிடலாம், இந்த நிமிஷமே சொல்லிவிடலாம் என்று நினைத்தேன்.

அவள் ஒரு சின்னச் சீசாவைப் படியில் வைத்துவிட்டுப் பின்வாங்கினாள்.

"டாக்டர் குடுத்த சொட்டு மருந்து. இமையைத் தூக்கிப் பிடிச்சு விடணுமாம். என் கை ஆகாது. உங்க கை சுத்தமான கை, டீச்சர். தினமும் ஒரு தடவை விட்டுர்றீங்களா?"

ஷிகே தானாகவே முகத்தை அண்ணாந்து காட்டினாள். அவளுக்குப் பின்னால் இசோ இடுப்பு வளையக் குனிந்து, நிமிராமலே நின்றாள். நான் குழந்தையின் இமையைத் தூக்கிப் பிடித்து மருந்தை விட்டேன். வாயைத் திறக்கவில்லை.