பெறுநர்: லூர்துமேரி

ஆவுடையார்கோவிலில் ஒரு கல்யாணப் பந்தியில் உட்கார்ந்திருந்தபோது ஆபீஸிலிருந்து போன் வந்தது. "லூர்து அக்கா போயிட்டாங்க செல்வி. நெஞ்சுவலி." எனக்கு அழுகை வரவில்லை, கோபம்தான் வந்தது. எவருக்கும் அசைந்து கொடுக்காத மனுஷி, இதற்கு மட்டும் எப்படி விட்டுக்கொடுத்தார்?

எங்கள் முந்திரி ஏற்றுமதி நிறுவனத்தில் அவர் விற்பனை மேலாளர். அவரோடு வேலை பார்த்தவர்களுக்கு அந்தக் கூத்து நினைவிருக்கும். அக்கா பதவிக்கு வந்த பிறகும், விற்பனைப் பிரிவின் பொது முகவரிக்கு வருகிற மின்னஞ்சல்களில் பெறுநர் இடத்தில் முந்தைய மேலாளர் கணேசனின் பெயரே நின்றது. எங்கள் பக்கத்து செட்டிங்கில் மாற்றிப் பார்த்தார், தீரவில்லை. வாடிக்கையாளர்கள் அந்த முகவரியைப் பழைய பெயரோடு தங்கள் கம்ப்யூட்டரில் சேமித்து வைத்திருந்ததுதான் கோளாறு.

"மெயில் வந்து சேருதுல்லம்மா, விடுங்க" என்றார் முதலாளி.

"மெயில் சேருது சார். நான் எங்க சேர்ந்தேன்?"

அன்றைக்கே ஒவ்வொருவரையும் போனில் பிடித்தார். தூத்துக்குடி ஏஜெண்ட் ஒருவர், "கணேசன் சாரோட பி.ஏ.வாம்மா?" என்று கேட்டுவிட்டார். போச்சு! "நாந்தாங்க மேனேஜரு. அட்ரஸ் புக்கத் தொறங்க. அந்தப் பேர அழிச்சிட்டு எம் பேரப் போடுங்க. போட்டு ஒரு மெயில் அனுப்புங்க, பாத்துட்டுத்தான் போன வைப்பேன்." அனுப்பினார். வேறு வழி?

துறைமுகத்தில் மாட்டிய சரக்கை அக்கா அலையாய் அலைந்து மீட்டார். இன்னும் பெயரை மாற்றாத வெளிநாட்டு வாடிக்கையாளர் ஒருவரிடமிருந்து நன்றி மின்னஞ்சல் கணேசன் பெயருக்கு வந்தது. முதலாளி அதைக் கூட்டத்தில் அப்படியே வாசிக்க, அக்கா எழுந்துவிட்டார். "அது எனக்கு வந்தது சார். எம் பேரச் சொல்லிப் படிங்க." மறுபடி படித்தார். "திமிரு புடிச்சவ" என்று பின்னால் பேசினார்கள். பேசிவிட்டுப் போகட்டும்.

அக்காவின் சொந்த ஊரான ஆவூரில் அடக்கம் முடிந்தது. அக்காவின் நாற்காலி எனக்கு வந்தது. "லூர்தும்மா பேரே இருக்கட்டும் செல்வி. கஸ்டமரெல்லாம் பழகிட்டாங்க. அவங்களுக்கும் மரியாதைதானே?" என்றார் முதலாளி. ஒரு கணம் என் மனசும் தலையாட்டியது. பிறகுதான் உறைத்தது. நான் செய்கிற தப்புக்கு அக்கா பெயரல்லவா திட்டு வாங்கும்?

"முடியாது சார்" என்றேன். என் பெயரைப் போட்டேன். வாடிக்கையாளர்களையும் மாற்ற வைத்துக்கொண்டிருக்கிறேன். லூர்துமேரி என்ற பெயர் இனி இந்தக் கம்பெனிக்கு உழைக்காது, அது அவருக்கே சொந்தம். அவருடைய திமிரை மட்டும் நான் எடுத்துக்கொண்டேன். திருப்பித் தருவதாக இல்லை.