பாட்டு வகுப்பில் இயர் பிளக்

இப்போது நான் ஸ்ரீபெரும்புதூர்ப் பக்கத்தில் ஒரு பள்ளிக்கூடத்தில் பாட்டு டீச்சர். கோடை விடுமுறையில் எங்களுக்கும் பயிற்சி வகுப்பு வைப்பார்கள். எந்தக் குழந்தையிடமும் 'உனக்குப் பாட்டு வராது' என்று சொல்லக்கூடாது, தொண்டை கிழியப் பாடவைக்கக்கூடாது, ஸ்ட்ராவைத் தண்ணீரில் விட்டு 'ஊ' என்று ஊதினால் குரலுக்கு இதம் என்றெல்லாம் திரையில் படம் போட்டுக் காட்டுவார்கள். மற்ற டீச்சர்கள் பயபக்தியோடு போட்டோ எடுத்துக்கொள்வார்கள். எனக்குச் சிரிப்பு வரும். இந்த ஸ்ட்ரா வித்தையெல்லாம் நான் நான்காவது படிக்கும்போதே எங்கள் ஊர்ச் சர்ச்சுக்கு வந்துவிட்டது. அதோடு சேர்த்து, எந்த ஆராய்ச்சியிலும் இதுவரை இடம்பெறாத ஒரு முறையை என் அப்பாவும் கண்டுபிடித்தார்.

மண்ணூருக்குப் பக்கத்தில் எங்கள் ஊர். தெருவில் பாதிப் பேர் கம்பெனி வேலை. அப்பா ஒரகடத்தில் கார் கதவு அடிக்கிற ஒரு கம்பெனியில் பிரஸ் ஷாப்பில் இருந்தார். இரும்புத் தகட்டை வைத்தால் மெஷின் மேலிருந்து இறங்கி ஒரே அடியில் கதவாக்கிவிடும் என்று சொல்வார். எங்கள் தெருவில் யார் எந்த ஷாப் என்பதைப் பேச்சை வைத்தே சொல்லிவிடலாம். பெயின்ட் ஷாப்காரர்கள் சாதாரணமாகப் பேசுவார்கள். பிரஸ் ஷாப்காரர்கள் போன் பேசினால், மறுமுனையில் இருப்பவருக்குப் போனே தேவையில்லை. அதனால் அப்பா கத்திப் பேசுவது எங்கள் வீட்டில் யாருக்கும் விசேஷமாகப் படவில்லை. டிவியை மட்டும் அம்மா குறைப்பார், அப்பா கூட்டுவார். அப்பாவுக்குக் கிரிக்கெட் என்றால் உயிர், அதனால்தான் அப்படி என்று நான் நினைத்திருந்தேன்.

சர்ச் பாடகர் குழுவில் அப்பா பெரிய ஆள். கிறிஸ்துமஸ் காலை ஆராதனையில் ஒரு பழைய கீர்த்தனை பாடுவார்கள். அதில் இரண்டாவது சரணம் அப்பாவுடையது. அவர் தனியாகப் பாட, மற்றவர்கள் பல்லவியில் சேர்ந்துகொள்வார்கள். வருடம் பூராவும் ஷிப்ட், ஓ.டி. என்று அலைந்தாலும் அந்த ஒரு சரணத்துக்காக டிசம்பரில் சட்டை தைத்துக்கொள்கிற மனிதர் அவர். ஆனால் வருடத்துக்கு வருடம் அவர் குரல் ஏறிக்கொண்டே போனது. பல்லவியில் மற்றவர்கள் வாயசைப்பது தெரியும், கேட்பதெல்லாம் அப்பாதான். சின்னப் பிள்ளைகள் வரிசையில் நின்று நானும் வாயசைப்பேன். மைக் இல்லாமலே மெயின் ரோட்டுக் கன்டெய்னர் லாரிக்காரனுக்குக் கேட்கிறது என்று எல்லாரும் கிண்டல் செய்வார்கள். அப்பா அதைப் பாராட்டு என்று எடுத்துக்கொண்டார்.

பாடகர் குழுச் செயலாளர் என் பெரியப்பா. அவர் கண்டிப்பானவர், தம்பி என்றும் பார்க்கமாட்டார். நான் நான்காவது படித்த அந்த வருடம், ஊரே கேட்கும்படி சொல்லிவிட்டார்:

"ஒண்ணு அவன் சவுண்ட கொறைக்கட்டும், இல்ல கீழ போயி ஜனங்களோட குந்திகினு பாடட்டும். மத்தவங்களும் பாட்றாங்கன்னு கர்த்தருக்குத் தெரிய வேணாவா?"

அந்தச் சமயத்தில்தான், பிள்ளைகள் நாங்கள் அக்கா என்று கூப்பிட்டவர் வந்தார். நாகர்கோவில் பக்கத்துப் பெண், ஏதோ ஒரு கம்பெனியில் குவாலிட்டியில் இன்ஜினியர், மண்ணூரில் ரூம் எடுத்துத் தங்கியிருந்தார். ஞாயிற்றுக்கிழமை சர்ச்சுக்கு வந்தவர் நன்றாகப் பாடுகிறார் என்று தெரிந்ததும் பெரியப்பா பிடித்துக்கொண்டார். பாட்டு சொல்லிக்கொடுப்பது எப்படி என்று செல்போனிலேயே ஒரு வெளிநாட்டு வகுப்பு படித்துக்கொண்டிருந்தார் அக்கா. அதுவரை எங்கள் குழுவில் இருந்த ஒரே பாடம் 'வயித்துலேர்ந்து பாடு' என்பதுதான். அக்கா அதை மெல்லத் தள்ளி வைத்துவிட்டு, எல்லாரையும் ஆளுக்கொரு டம்ளரும் ஸ்ட்ராவும் கொண்டுவரச் சொன்னார்.

ஆராதனை முடிந்த ஞாயிறு மதியம், பெரியவர்கள் எல்லாரும் சர்ச்சுக்குள் உட்கார்ந்து டம்ளர் தண்ணீரில் குமிழி விட்டுக்கொண்டிருந்த காட்சியை என்னால் மறக்கவே முடியாது. அடுத்து, உதட்டைத் தளரவிட்டுப் புர்ரென்று ஊத வேண்டும். கடைசியில் வாயை மூடி 'ம்ம்' என்று முனகி, நெஞ்சில் கையை வைத்து அதிர்கிறதா என்று பார்க்க வேண்டும். இதில் நான் கெட்டிக்காரி. சாப்பிடும்போது, குளிக்கும்போது, கணக்குப் பாடத்தின்போதுகூட முனகிக்கொண்டே இருப்பேன். கணக்கு மிஸ் என்னை ஒருநாள் வெளியே நிற்கவைத்தார்.

என்னைவிடத் தீவிரமாகப் பயிற்சி செய்தவர் அப்பா. தன் சரணம் போய்விடுமோ என்ற பயம் அவருக்கு. இளநீர்க் கடையிலிருந்து ஸ்ட்ரா வாங்கிவந்து காலையில் சொம்புத் தண்ணீரில் ஊதுவார். கம்பெனி பஸ்ஸைப் பிடிக்க டி.வி.எஸ்.ஸில் போகும்போது உதட்டால் புர்ரென்று அடித்துக்கொண்டே போவார். வண்டி ஒரு சத்தம், அவர் ஒரு சத்தம். என்ன செய்தும் பாட ஆரம்பித்தால் பழைய குருடி கதவைத் திறடி கதைதான். "கொஞ்சம் மெதுவா அண்ணாச்சி" என்று அக்கா சொல்வார். "மெதுவாத்தான் பாட்றம்மா" என்று அப்பா கத்துவார். பெரியப்பா மோட்டுவளையைப் பார்ப்பார்.

ஒரு ஞாயிற்றுக்கிழமை அக்கா புதிதாக ஒன்று சொல்லிக்கொடுத்தார். ஒரு காதை விரலால் அடைத்துக்கொண்டு பாட வேண்டும்.

"அடைச்சா நம்ம சத்தம் உள்ளுக்குள்ள நமக்கே கேக்கும். எவ்வளவு போடுதோம்னு தெரியும். வேற ஒண்ணும் இல்ல."

அப்பா அதை வாரம் முழுக்க யோசித்திருக்கிறார். அடுத்த ஞாயிறு அக்காவுக்கு ஓ.டி., வரத் தாமதம். அப்பா வீட்டிலிருந்து ஒரு மஞ்சப்பையைக் கொண்டுவந்து சர்ச் தரையில் கொட்டினார். எல்லாம் இயர் பிளக். ஆரஞ்சு நிறத்தில், நீலக் கயிறு கோத்தது, பிளாஸ்டிக் உறைகூடப் பிரிக்காதது. மெஷின் சத்தம் கேட்காமல் இருக்கக் காதில் வைத்துக்கொள்ள என்று கம்பெனியில் கொடுப்பது. எங்கள் வீட்டுப் பரணில் அது எப்போதும் இருக்கும். நான் அதில் பொம்மைக்கு நெக்லஸ் செய்திருக்கிறேன்.

"விரல வச்சிகினு பாட்டுப் புக்க எப்டிப் பிடிக்கறது? சாமான் நம்மகிட்டயே கீது. இந்தாங்க, ஆளுக்கு ஒரு ஜோடி."

ஒரு காது என்று அக்கா சொன்னதை ஆர்வத்தில் அப்பா இரண்டாக்கிவிட்டார். கம்பெனி டிரெய்னிங்கில் காட்டியபடி, விரலில் உருட்டிச் சன்னமாக்கி, காதை மேலே இழுத்துச் செருகி, விரியும்வரை பிடித்திருக்க வேண்டும் என்று ஒவ்வொருவருக்கும் செய்து காட்டினார். கம்பெனிக்காரர்கள் நான்கைந்து பேர் குழுவில் இருந்ததால் வேலை சீக்கிரம் முடிந்தது. என் காதுக்கு மட்டும் அது பொருந்தவில்லை. அதனால் நடந்ததைக் கேட்கக் கொடுத்துவைத்தவள் குழுவில் நான் ஒருத்திதான்.

கீபோர்டில் பெரியப்பா மகன் சுருதி கொடுத்தான். யாருக்கும் கேட்கவில்லை. பெரியப்பா கையை அசைத்ததும் எல்லாரும் பாட ஆரம்பித்தார்கள். ஒவ்வொருவருக்கும் தன் குரல் தலைக்குள் மணி மாதிரி கேட்டிருக்க வேண்டும், முகமெல்லாம் அப்படி ஒரு பரவசம். கீபோர்டு அண்ணன் நடுவில் வாசிப்பதை நிறுத்திவிட்டுப் பார்த்துக்கொண்டிருந்தான். பெண்கள் சரணத்தில் இருந்தார்கள், ஆண்கள் பல்லவிக்கு வந்துவிட்டார்கள், பெரியப்பா பாட்டையே முடித்துவிட்டு ஆமென் என்று கண்ணை மூடிக்கொண்டார்.

அந்தக் களேபரத்துக்குள் ஒரு குரல் மெதுவாக, ஒரு சின்னப் பிசிறுகூட இல்லாமல், தன்பாட்டுக்கு இரண்டாவது சரணத்தைப் பாடிக்கொண்டிருந்தது. யார் என்று தேடினேன். அப்பா. அவருக்கு அப்படி ஒரு குரல் இருப்பது அன்றைக்குத்தான் எனக்குத் தெரியும். தாலாட்டு மாதிரி இருந்தது.

அக்கா வாசலில் நின்றிருந்தார். எப்போது வந்தார் என்று தெரியவில்லை. வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்து, சிரிப்பு தாங்காமல் படியிலேயே உட்கார்ந்துவிட்டார். பிறகு அப்பாவின் குரல் அவர் காதிலும் விழுந்தது போலிருக்கிறது. சிரிப்பு நின்று, அப்பாவையே பார்த்தார்.

எல்லாரும் பிளக்கைக் கழற்றி, ஒருவரையொருவர் பார்த்துச் சிரித்துக்கொண்டே டீ குடிக்க வெளியே போனார்கள். அப்பாவும் தன்னுடையதைக் கழற்றிவிட்டு, தரையில் கிடந்ததைப் பொறுக்கிப் பையில் போட்டுக்கொண்டிருந்தார். அக்கா அவர் முதுகுக்குப் பின்னால் போய் நின்று, "அண்ணாச்சி" என்று மெதுவாகக் கூப்பிட்டார். அப்பா திரும்பவில்லை. மறுபடி கூப்பிட்டார். அப்போதும் திரும்பவில்லை. அக்கா சிரித்ததில் அப்பாவுக்குக் கோபம் என்று எனக்குப் புரிந்துவிட்டது. நான் போய்ச் சமாதானம் செய்யலாம் என்று எழுந்தேன். அக்கா என்னைப் பார்த்துக் கையால் உட்காரச் சொன்னார்.

பிறகு இருவரும் வெளியே வண்டிகள் நிற்கிற இடத்தில் வெகுநேரம் பேசினார்கள். அக்கா ஏதோ கேட்டுக்கொண்டே இருந்தார், அப்பா குனிந்து வண்டிச் சாவியைத் திருகிக்கொண்டே இருந்தார். நான் கிட்டே போனபோது அப்பா அக்காவிடம் சொன்ன கடைசி வார்த்தை மட்டும் கேட்டது.

"இத வூட்டுல சொல்லிடாதம்மா."

அம்மாவுக்குத் தெரியாமல் இயர் பிளக் மூட்டையைத் தூக்கிவந்ததைத்தான் சொல்கிறார் என்று நினைத்து, நானும் வீட்டில் மூச்சு விடவில்லை. அப்பாவைக் காட்டிக்கொடுக்காத நல்ல பிள்ளை நான்.

அதற்கடுத்த வாரம் என் வாழ்வில் பெரிய பதவி உயர்வு. சின்னப் பிள்ளைகள் வரிசையிலிருந்து என்னைக் கூப்பிட்டு, முன்வரிசையில் அப்பாவுக்கு நேர் முன்னால் நிறுத்தினார் அக்கா.

"நீ சத்தம் போடாண்டாம் மக்களே. நெஞ்சு அதிரப் பாடு, போதும். அண்ணாச்சி, நீங்க பிள்ளை முதுகுல கைய வச்சிக்கிடுங்க."

என் 'ம்ம்' பயிற்சிக்குக் கிடைத்த மரியாதை இது என்பதில் எனக்குச் சந்தேகமே இல்லை. பெரியப்பா மகளுக்குப் பொறாமை. அப்பாவின் உள்ளங்கை பெரியது, காய்ப்புப் பிடித்தது, புதுச் சட்டைக்கு மேலேயே சொரசொரவென்று தெரியும். கூச்சமாகத்தான் இருந்தது. ஆனாலும் முன்வரிசை முன்வரிசைதான். மகள் முன்னேறியதில் அப்பாவுக்குப் பெருமை, அதனால் முதுகைத் தடவிக்கொண்டே இருக்கிறார் என்று நினைத்துக்கொண்டேன். அதிசயமாக, அப்பாவின் குரலும் அடங்க ஆரம்பித்தது. நான் மெதுவாகப் பாடினால் அவரும் மெதுவாகப் பாடினார். பெரியப்பா ஒருநாள் மோட்டுவளையைப் பார்ப்பதை நிறுத்திவிட்டு, "இன்னாடா, தொண்டை கட்டிகிச்சா?" என்று கவலையாகக் கேட்டார். இரண்டாவது சரணம் அப்பாவுக்கே என்று முடிவானது.

கிறிஸ்துமஸ் காலையில் சர்ச் நிரம்பி வெளியே பந்தலிலும் ஆள். அப்பா கண்ணை மூடிக்கொண்டு பாடினார். என் முதுகில் கை. அந்தச் சரணம் அவ்வளவு சின்னதாக, அவ்வளவு பக்கத்தில் ஒலித்து யாரும் கேட்டதில்லை. அம்மா முந்தானையால் கண்ணைத் துடைப்பது எனக்குத் தெரிந்தது. பிறகு எல்லாரும் பல்லவியைப் பாடினார்கள். பல்லவி எத்தனை முறை என்பது எங்கள் சர்ச்சில் எழுதாத சட்டம், மனம் நிறைந்தால் இன்னொரு முறை பாடுவார்கள். அன்று பெரியப்பா கையை மடக்கி முடித்துவிட்டார். போதகர் தலை குனிந்தார், மௌன ஜெபம். சபை முழுக்கத் தலை குனிந்தது.

எனக்குத்தான் சந்தோஷம் தாங்கவில்லை. வாயை மூடியிருந்தேனே தவிர, உள்ளே 'ம்ம்' ஓடிக்கொண்டிருந்தது. பக்கத்தில் இருப்பவருக்குக்கூடக் கேட்டிருக்காது. அந்த அமைதியில், என் பின்னாலிருந்து அப்பா மறுபடி பல்லவியை எடுத்தார். தனியாக, மெதுவாக, கண்ணைத் திறக்காமல். பெரியப்பா திடுக்கிட்டுத் தலையைத் தூக்கினார். இரண்டு வரிக்குள் பெண்கள் சேர்ந்துகொண்டார்கள், பிறகு ஆண்கள், பிறகு சபையே எழுந்து நின்று பாடியது. அந்த வருட கிறிஸ்துமஸ் மாதிரி இன்னொன்று வரவில்லை என்று இப்போதும் ஊரில் சொல்கிறார்கள். அப்பாவுக்கு அந்தப் பாட்டை முடிக்க மனமில்லை என்று போதகர் பிரசங்கத்தில் சொன்னார். நானும் அப்படியே நம்பினேன்.

பல வருடம் கழித்து, நான் கல்லூரி போன பிறகுதான், அம்மா அப்பாவை வலுக்கட்டாயமாகக் காது டாக்டரிடம் கூட்டிப்போனார். பிரஸ் ஷாப் சத்தத்தில் ரொம்ப காலத்துக்கு முன்பே கெட்டுப்போன காது என்றார் டாக்டர். சத்தத்தில் காதை அடைக்கக் கம்பெனியில் ஒன்றும் தருவதில்லையா என்று கேட்டார். அப்பா சுவரைப் பார்த்தார்.

"குடுப்பாங்க சார். புதுசா கீதே, வூட்டுக்கு எதுக்காச்சும் ஆவும்னு எடுத்தாந்துடுவேன்."

எனக்கு அந்த மஞ்சப்பை ஞாபகம் வந்தது. அத்தனை பிளக்கும் உறை பிரிக்காமல் எப்படி எங்கள் பரணில் இருந்தன என்று சின்ன வயதில் நான் ஒருநாளும் கேட்டுக்கொண்டதில்லை. எங்கள் வீட்டில் ஏராளமாக இருந்த ஒரே பொருள் அது. அதில் எனக்குப் பெருமைகூட இருந்தது.

இப்போது என் வகுப்பில் குழந்தைகளை வட்டமாக நிற்கவைத்து, முன்னால் இருப்பவர் முதுகில் கை வைத்து முனகச் சொல்கிறேன். கூச்சத்தில் நெளிவார்கள். அதைப் பார்க்கும்போதெல்லாம் அந்த மௌன ஜெபம் நினைவுக்கு வரும். என் அப்பா அன்று பாட்டைக் கேட்டது உள்ளங்கையால். பாட்டு முடிந்ததைச் சபையில் எல்லாரும் கேட்டார்கள், அவருக்கு மட்டும் அது முடியவில்லை. ஏனென்றால் நான் இன்னும் நிறுத்தியிருக்கவில்லை.