எருமைக்குக் கொடுத்த தண்ணீர்

அழுது சாட்சி சொல்வேன் என்று எதிர்பார்த்து உட்கார்ந்திருக்கிறவர்கள் ஏமாந்துதான் போவீர்கள். கர்த்தர் என் மகளுக்குச் செய்த நன்மையை நான் மறைக்க மாட்டேன். அது வந்து சேரும்வரை நாங்கள் எவ்வளவு முட்டாள்களாக இருந்தோம் என்பதையும் மறைக்க மாட்டேன்.

என் பெயர் எஸ்தர். பென்னாகரம் பக்கம் தக்காளி போடுகிற குடும்பம். கொரோனா ஓய்ந்த அடுத்த வருஷம் என் மகள் ரூத்தை ஒன்றாம் வகுப்பில் சேர்த்தேன். அப்போதே அவளுக்குக் கால் கோணத் தொடங்கிவிட்டது. நேராக நில் என்றால் முழங்கால் இரண்டும் முட்டிக்கொள்ளும். கணுக்கால் இரண்டும் விலகி நிற்கும். நடுவில் என் நாலு விரல் நுழைந்தது. ஓடினால் விழுவாள். விழுந்தால் மற்ற பிள்ளைகள் சிரிக்கும். பிறகு அவள் ஓடுவதையே விட்டுவிட்டாள்.

எனக்கும் முதுகு பலகையாக இறுகிப்போயிருந்தது. கழுத்து திரும்பாது. யாராவது பக்கத்திலிருந்து கூப்பிட்டால் உடம்பு மொத்தத்தையும் திருப்ப வேண்டும். "எஸ்தருக்கு என்னா திமிரு பாருங்க, கழுத்தத் திருப்பிப் பாக்கறாளா?" என்று இந்தச் சபையிலேதான் பேசினீர்கள். பேசினவர்களில் பாதிப் பேருக்குக் கழுத்து திரும்பாது. உங்களுக்கு வந்தால் வயசு, எனக்கு வந்தால் திமிர்.

ஆளுக்கொரு வைத்தியம் சொன்னார்கள். ஒருத்தி எண்ணெய் கொடுத்தாள். நாற்றம்தான் மிச்சம். வெளியூரிலிருந்து வந்த ஒரு ஊழியக்காரர், பூர்வீக சாபம் எலும்புக்குள் இறங்கியிருக்கிறது என்று கண்டுபிடித்தார். பிள்ளையின் காலைக் குனிந்துகூட அவர் பார்க்கவில்லை. பிரியாணி சாப்பிட்டுவிட்டுக் கிளம்பிவிட்டார்.

நான் மட்டும் என்ன ஒழுங்கு? வெள்ளிக்கிழமை உபவாச ஜெபத்துக்கு ஆளுக்கொரு பாட்டில் தண்ணீர் கொண்டுவந்து மேடைக்கு முன்னால் வைக்கிறோமே, அந்தத் தண்ணீரை ரூத்துக்கு மருந்தாகக் கொடுத்தேன். காலையில் வெறும் வயிற்றில் இரண்டு டம்ளர். கர்த்தருக்கு முன்னால் வைக்கிற தண்ணீர் உயர்ந்ததாக இருக்க வேண்டாமா? அதனால் எங்கள் தோட்டத்துப் போர்வெல் தண்ணீரைத்தான் பிடித்து வைத்தேன். வீட்டில் எல்லோரும் குடிப்பதும் அதுதான். அந்தப் போரில் என் வீட்டுக்காரருக்கு அப்படி ஒரு பெருமை.

"தொள்ளாயிரம் அடி. எளனி மாதிரி இருக்குது பாரு. கொழாயில வர்ற ஒகேனக்கல் ஆத்துத் தண்ணி ஒரே பிளீச்சிங் நாத்தம். அத எருமைக்கு ஊத்து" என்பார். ஊற்றினேன்.

மாதங்கள் போயின. கால் இன்னும் கோணியது. ஒரு வெள்ளிக்கிழமை எனக்குக் கோபம் வந்துவிட்டது. "ஆண்டவரே, சுகம் கொடுக்காவிட்டாலும் பரவாயில்லை. எதனால் இப்படி ஆகிறது என்றாவது சொல்லும். எனக்கு வாய் வலிக்கிறது" என்று ஜெபித்தேன். மரியாதையில்லாத ஜெபம்தான். அதைத்தான் அவர் கேட்டார்.

அடுத்த செவ்வாய்க்கிழமை பள்ளிக்கூடத்துக்குப் பிள்ளைகளைப் பரிசோதிக்க வந்தார்கள். சின்ன வயசு டாக்டரம்மா ஒருவர் என்னைக் கூப்பிட்டனுப்பினார்.

"பாப்பா பல்லுல பழுப்பா கோடு கோடா இருக்குதுங்களே. என்ன தண்ணி குடுக்கறீங்க?"

காலைக் காட்டினால் பல்லைப் பார்க்கிறது, இதெல்லாம் ஒரு டாக்டரா என்று நினைத்தேன். "ஜெபத் தண்ணிங்க" என்றேன் மிடுக்காக.

"ஜெபம் சரிங்கம்மா. தண்ணி எங்க புடிச்சது?"

அத்தனை வெள்ளிக்கிழமைகளில் ஒரு விசுவாசியும் என்னைக் கேட்காத கேள்வி அது.

தர்மபுரி பெரிய ஆஸ்பத்திரிக்கு அனுப்பினார். அங்கே இருந்த டாக்டர், நான் கழுத்தைத் திருப்பாமல் மொத்த உடம்போடு திரும்புவதைப் பார்த்து எனக்கும் சேர்த்து எக்ஸ்ரே எடுக்கச் சொன்னார். படத்தை வெளிச்சத்தில் காட்டினார். முழங்கைக்கும் மணிக்கட்டுக்கும் நடுவில் இரண்டு எலும்பு இருக்கிறதாம். அவற்றைச் சேர்த்துப் பிடிக்கிற சவ்வு எனக்கு எலும்பாகவே மாறிக்கொண்டிருந்தது. முதுகில் ஒவ்வொரு எலும்பும் தனித்தனியாக அசைய வேண்டும். எனக்குப் பல எலும்புகள் ஒன்றோடொன்று ஒட்டிப்போயிருந்தன. போர் தண்ணீரில் புளோரைடு என்கிற உப்பு அதிகமாம். குடிக்கக் குடிக்க அது எலும்பில் ஏறிக்கொள்ளுமாம்.

"உங்களுக்கு வலி கொறயலாம், முதுகு பழையபடி ஆவாதுங்க. பாப்பாவுக்கு வளர்ற எலும்பு. இன்னைக்கே போர் தண்ணிய நிறுத்திட்டு, கொழாயில வர்ற ஒகேனக்கல் தண்ணிய குடுங்க. பால், முட்டை, கீரை குடுங்க. மாசாமாசம் கூட்டிட்டு வாங்க."

வீட்டுக்கு வந்து எருமையைப் பார்த்தேன். எங்கள் வீட்டில் நேராக நடந்தது அது ஒன்றுதான். இத்தனை வருஷமும் நல்ல தண்ணீரைக் குடித்ததும் அதுதான். எனக்குச் சிரிப்பு வந்தது. சிரித்துக்கொண்டே தலையில் அடித்துக்கொண்டு அழுதேன். என் வீட்டுக்காரர் குடத்தை எடுத்துக்கொண்டு அவரே குழாயடிக்குப் போனார். கல்யாணமான நாளிலிருந்து அவர் குடம் தூக்கி அன்றுதான் பார்த்தேன்.

ஒவ்வொரு மாதமும் ரூத்தை நிறுத்தி வைத்து விரலால் அளந்தேன். நாலு விரல். ரொம்ப நாள் நாலு விரல்தான். பிறகு மூன்று. அடுத்த வருஷம் இரண்டு. போன கிறிஸ்துமஸுக்குப் புதுப் பாவாடை போட்டு நிறுத்தினேன். கணுக்கால் இரண்டும் ஒன்றையொன்று தொட்டன. என் சுண்டுவிரல்கூட நுழையவில்லை. முழங்காலில் விழுந்து நன்றி சொல்ல ஆசை, என் முதுகு விடவில்லை. நின்றபடியே சொன்னேன். என் தேவன் பெரியவர்.

நீங்களும் கேளுங்கள். வெட்கப்படாமல், சண்டை போட்டாவது கேளுங்கள். அவர் பதில் சொல்வார். பாட்டிலையும் கொண்டுவாருங்கள், நானும் கூட நின்று ஜெபிக்கிறேன். ஆனால் இந்த வெள்ளிக்கிழமையிலிருந்து வாசலில் நான் நிற்பேன். எந்தத் தண்ணீர் என்று கேட்பேன். போர் தண்ணீர் என்றால், அது பாஸ்டர் வீட்டுப் பாட்டிலாக இருந்தாலும் அங்கேயே கொட்டிவிடுவேன்.

திமிர் என்பீர்கள். சொல்லிக்கொள்ளுங்கள். என் கழுத்து திரும்பாது. என் மகள் ஓடுகிறாள்.