முப்பத்திரண்டு பையன்களுக்கு ஒரே கணவர்

அந்த டீச்சரின் பெயர் ஊரில் பாதிப் பேருக்குத் தெரியாது. 'ஹூ-விச் டீச்சர்' என்றால்தான் தெரியும். யார், எது, யாருடையது என்று ஆங்கிலத்தில் கேட்கும் சொற்களையும், அதே சொற்கள் வாக்கியங்களை இணைக்கிற வித்தையையும் இருபத்தாறு வருஷமாகத் தொண்டைத் தண்ணீர் வற்றக் கத்தியவர். காப்பியடிப்பது என்றாலே அவருக்குச் சாக்கடையில் கால் வைத்தது போலிருக்கும்.

விடைத்தாள் திருத்தும் மையத்தில் அருவருப்புக்குப் பஞ்சமே இல்லை. பக்கத்து மேசைக்காரர் எச்சில் தொட்டுத்தான் தாள் புரட்டுவார். ஏதோ ஒரு பிள்ளையின் விடைமேல் டீ டம்ளரின் வட்டக் கறை. டீச்சர் முகத்தைச் சுளித்துக்கொண்டே தன் கட்டைப் பிரித்தார்.

கேள்வி இதுதான்: 'யாருடைய' என்று பொருள்படும் 'ஹூஸ்' வைத்துச் சொந்தமாக ஒரு வாக்கியம் எழுத வேண்டும். எவருடைய குறட்டையில் சுவர் அதிர்கிறதோ அவரே என் கணவர் என்று முதல் தாளில் ஆங்கிலத்தில் இருந்தது. அடுத்த தாளிலும் அதே. முப்பத்திரண்டு தாள்களிலும் அதே கணவர். பின்பக்கக் கடிதத்திலோ அத்தனை பேரும் 'உங்கள் அன்பு மகன்' என்று முடித்திருந்தார்கள்!

மேற்பார்வையாளர் வயிறு குலுங்கச் சிரித்தார். "ஹால்ல எவனோ சொல்லிக் குடுத்திருக்கான் டீச்சர். யாருன்னு எங்க போய்த் தேடறது? மார்க்கைப் போட்டுத் தள்ளுங்க."

டீச்சர் தேட வேண்டியிருக்கவில்லை. அது அவரே வீட்டில் வேடிக்கையாக நோட்டில் எழுதிய வாக்கியம். "கிளாஸ்ல சொல்லி என் மானத்தை வாங்காதே" என்று கணவர் கேட்டுக்கொண்டதால், ஒரு நாளும் வகுப்பில் சொன்னதில்லை. கணவரும் வாத்தியார்தான். இந்த ஆங்கிலத் தேர்வன்று ஹால் மேற்பார்வைக்கு வேறொரு பள்ளிக்குப் போயிருந்தார்.

டீச்சர் வராந்தாவுக்கு வந்து கணவருக்குப் போன் போட்டார்.

"அந்த ஹெட்மாஸ்டர் ரொம்பக் கெஞ்சினாரும்மா. உன் நோட்டைப் பார்த்துத்தான் சொன்னேன். அவசரத்துல எதைப் படிச்சேன்னே தெரியல. அடுத்த மாசம் எனக்கு ப்ரமோஷன். வாயைத் திறந்துடாதே."

"என் நோட்டையா எடுத்துட்டுப் போனீங்க? சீ!"

டீச்சர் போனை வைத்தார். இத்தனை வருஷம் இந்த மனிதரோடா ஒரே தட்டில் பகிர்ந்து சாப்பிட்டோம் என்றிருந்தது. குழாயடியில் இரண்டு முறை வாய் கொப்பளித்தார். பிறகு புகார்ப் படிவம் கேட்டு வாங்கி, ஒரு கட்டம் விடாமல் நிரப்பினார்.

மேற்பார்வையாளரின் சிரிப்பு நின்றுவிட்டது. "பேரு வரைக்கும் எழுதியிருக்கீங்களே! இவர்தான்னு எப்படித் தெரியும்?"

"அந்தக் குறட்டையை இருபது வருஷமா நான்தான் சார் கேட்கறேன்."