குருவி பாடிய இடம்

பாசிர் கூடாங் கெமிக்கல் ஃபேக்டரியில் இரைந்துகொண்டே இருக்கும் கம்ப்ரசர் பக்கத்திலேயே பதினெட்டு வருஷம் நின்றவன் நான். காதில் செருகிக்கொள்ள வேலையிடத்தில் கொடுத்த இயர்பிளக்கைச் சட்டைப் பையில் போட்டுக்கொண்டு திரிந்தேன். நமக்கெல்லாம் எதற்கு அது என்ற திமிர்.

ஒரு ஞாயிற்றுக்கிழமை மத்தியானம், ஒன்பது வயது மகள் என்னை இழுத்து உட்காரவைத்து ஒரு கார்ட்டூன் படம் போட்டாள். வசனமே கிடையாது. வெள்ளைக்காரர்களின் பழைய ஆர்க்கெஸ்ட்ரா இசை மட்டும். அதற்கேற்ப மரம் ஆடுகிறது, மழை பெய்கிறது, யானை நடக்கிறது. இதையெல்லாம் யார் உட்கார்ந்து பார்ப்பது என்று முனகிக்கொண்டேதான் பார்த்தேன். ஆனால் யானை நடந்தபோது முழங்கியதே ஓர் ஆளுயர வயலின், அது நெஞ்சுக்குள் இறங்கிவிட்டது. பொய் சொல்லக் கூடாது, பிடித்துப்போனது.

படத்தில் மழை நின்றதும் கிளையில் ஒரு குருவி வந்து உட்கார்ந்தது. வாயைத் திறந்து திறந்து மூடுகிறது. சத்தமே இல்லை.

“அடச்சே, டிவி வாங்கி ரெண்டு மாசம் ஆகல, அதுக்குள்ள ஸ்பீக்கர் போச்சு லா,” என்றேன். கடைக்காரனைத் திட்டிக்கொண்டே ரிமோட்டைப் பிடுங்கிச் சத்தத்தை ஏற்றினேன். குருவி ஊமையாகவே இருந்தது. விடுவேனா, கடைசி வரை ஏற்றினேன். எங்கேயோ தூரத்தில் கீச்சென்றது மாதிரி இருந்தது. அவ்வளவுதான். சமையலறையிலிருந்து மனைவி இரண்டு காதையும் பொத்திக்கொண்டு ஓடிவந்தாள்.

“என்னங்க இது, பக்கத்து வீடு வரைக்கும் கேக்குது.”

“என்ன கேக்குது?”

“குருவி பாட்டுக்கு ஊதுற அந்தப் புல்லாங்குழல்தான்.”

மகளைத் திரும்பிப் பார்த்தேன். அவளும் காதைப் பொத்தியிருந்தாள். டிவியில் ஒரு கோளாறும் இல்லை. கேட்காமலே போன ஒன்றை, கேட்கவில்லை என்று ஒரு மனிதனுக்கு எப்படித் தெரியும்? எத்தனை வருஷமாக இப்படி இருக்கிறேனோ. சத்தத்தைக் குறைத்தேன்.

“அப்பாவுக்கு அந்தக் குருவி பாடுறது கேக்கலம்மா,” என்றேன். சொல்லும்போதே பயமாக இருந்தது. குருவி போனால் போகட்டும். இவள் குரலும் அதே மாதிரி மெல்லிசானது.

அவள் காதிலிருந்து கையை எடுத்தாள். பிறகு நெருங்கி உட்கார்ந்து, எனக்குக் கேட்க வேண்டும் என்று நன்றாக உரக்கவே கேட்டாள்.

“அப்போ நான் கூப்பிடுறப்பல்லாம் நீங்க பேசாம இருந்தது, என்மேல கோவத்துல இல்லையாப்பா?”

இல்லம்மா என்றேன். அவள் நம்பும் வரை சொல்லிக்கொண்டே இருந்தேன்.