சுவரை விட்டுப் போகச் சொன்னவர்

ஒரு பண்டிகை விடுமுறையில், தோல் பதனிடும் டேனரியில் என்னோடு வேலை செய்த இரண்டு நண்பர்களுடன் ஆம்பூரிலிருந்து பட்டணத்துக்கு ரயிலேறினேன். கடலோரமாகவே நடந்து துறைமுகத்தின் கல் சுவரை அடைந்தோம். அங்கே ஒரு காவல்காரர் நின்றிருந்தார். ஒல்லியான ஆள், வெயிலில் நிறம் போன காக்கிச் சட்டை. யாரோடு பேசினாலும் தண்ணீரை விட்டுக் கண்ணை எடுக்கமாட்டார்.

"குளிக்கலாமா அண்ணே?" என்று நண்பன் கேட்டான்.

"படிக்கட்டுகிட்டயே குளிங்க. தூரம் போனா பேஜாரு."

நாலு பேரிடம் பேசத்தான் எனக்குக் கூச்சம், நீச்சலில் கூச்சமில்லை. ஊர்க் கிணறுகளில் என்னை மிஞ்ச ஆளில்லை என்ற நினைப்பில் தூரம் போய்விட்டேன். மூச்சு வாங்கியதும், கிணற்றுப் பழக்கத்தில், சுவரைப் பிடிக்கத் திரும்பினேன். அலை என்னைத் தூக்கிக் கல்லில் அடித்தது. தோள் கிழிந்தது. நண்பர்கள் சுவர் மேலே குப்புறப் படுத்து, "கையைக் குடுடா" என்று கதறினார்கள்.

"சுவத்த வுட்டு வெளிய போ. சுத்திப் படிக்கட்டுக்கு வா" என்று காவல்காரர் கத்தினார்.

பிடிமானமில்லாத தண்ணீருக்குத் திரும்ப மனம் வரவில்லை. ஆனாலும் அடுத்த அலைக்குள் போனேன். அப்படித்தான் படிக்கட்டை அடைந்தேன்.

மேலே ஏறி வந்து அவரிடம் கேட்டேன். "நான் முழுகியிருந்தா இன்னா பண்ணியிருப்பீங்க?"

"இன்னா பண்றது? எனக்கு நீச்சல் தெரியாது."

"நீச்சல் தெரியாமயா காவலுக்கு நிக்கறீங்க?" என்று நண்பன் சிரித்தான்.

"பாக்கறதுக்குத்தான்பா என்னை வெச்சிருக்காங்க."

எனக்குச் சிரிப்பு வரவில்லை. நீந்தத் தெரியாதவருக்கு அந்த வழி தெரிய வேண்டுமானால், அந்தச் சுவரோரம் எத்தனை பேரைப் பார்த்துக்கொண்டு நின்றிருப்பார்? திரும்பும் ரயிலில் இடம் கிடைத்தும் உட்கார முடியாமல், அரக்கோணம் தாண்டியும் கதவோரமே நின்றுகொண்டு வந்தேன்.